ஆட்டர் ஆற்றுக்கு இடம் விட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

இங்கிலாந்தில், சாமர்செட் பக்கம் பிளாக்டவுன் குன்றுகளில் பிறந்து, ஹானிட்டன், ஆட்டரி செயின்ட் மேரி, ஆட்டர்ட்டன் என்று டெவன் மாவட்டத்துக்குள் இறங்கி, பட்லி சால்டர்ட்டனில் கடலைச் சேருகிறது ஆட்டர். மொத்தம் சுமார் 32 கிலோமீட்டர். இந்தச் சின்ன ஆற்றுக்காக நிலத்தையும் பொறுமையையும் தந்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி கரையோர விவசாயிகளுக்கு. 2015 முதல் 2020 வரை டெவன் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, மரத்தைக் கடித்து வெட்டி ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கான பீவரை இங்கே வாழவிட்டு நடத்திய சோதனையில் பலன் ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு. பீவர் அணைகளுக்குக் கீழே ஈஸ்ட் பட்லி ஊரில் வெள்ளத்தின் உச்சம் தணிந்தது. அணைக்கு மேலே இருந்த விளைநிலம் ஊறியது. அதைப் பொறுத்துக்கொண்டவர்கள் இல்லையென்றால், பீவர்கள் இங்கேயே இருக்கலாம் என்று 2020-இல் அரசு சொல்லியிருக்காது.

அடுத்து, வயல் முழுகாமல் காக்கக் கைகொடுத்தவர்களுக்கு. அணையைப் பிடுங்கிப் போட்டால் பீவர் உடனே திரும்பக் கட்டிவிடும். அணையை விட்டுவிட்டு, அதன் ஊடாகக் குழாய் செருகி நீர்மட்டத்தைக் குறைப்பதே நிற்கும் வழி. நீர் புகும் முனை அணையை ஒட்டி இருந்தால் சலசலப்பைக் கேட்டு பீவர் சேறும் குச்சியும் வைத்து அடைத்துவிடும். அதனால் முனையைச் சில மீட்டர் தள்ளி, ஆழத்தில், கம்பிக்கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டில் சேரும் இலைதழையை வாரிக்கொண்டே இருக்கவும் வேண்டும். யாரும் படம் எடுக்காத வேலை இது! பழமரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வலை கட்டியவர்களுக்கும் நன்றி. அடிமரம் பருக்க இடைவெளி விட்டுக் கட்டாவிட்டால் கம்பியே பட்டையை அறுத்துவிடும்.

கழிமுகத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மண்கரை ஆற்றை ஒதுக்கியே வைத்திருந்தது. வெள்ளம் கரை தாண்டி வயலில் விழுந்தால் திரும்ப வழியின்றித் தேங்கும். 2023-இல் சுற்றுச்சூழல் முகமையும் நில உரிமையாளரான கிளிண்டன் டெவன் எஸ்டேட்ஸும் அந்தக் கரையைத் திறந்தன. 55 ஹெக்டேர் மீண்டும் அலையேற்றம் காணும் உவர்ச் சதுப்பாகவும் சேற்றுநிலமாகவும் மாறுகிறது. அதற்காக மேய்ச்சல் நிலம் போனது. வெள்ளத்தில் அடிக்கடி முழுகிய மைதானத்தை விட்டு கிரிக்கெட் சங்கமும் வேறிடம் போனது. சவுத் ஃபார்ம் சாலையில் வேலை முடியும்வரை சுற்றிப்போனவர்களையும் மறக்கவில்லை.

நாயைக் கயிற்றில் பிடித்து நடப்பவர்களுக்கும் நன்றி. நீர் வடிந்த சில மணி நேரமே கரைப்பறவைகளுக்கு இரை நேரம். கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆற்றோரப் பாதையில் நடப்பவர்கள்