கைப்பிடி அரிசியை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு எங்கள் கிறிஸ்தவ சபையில், எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின வாரம் காணிக்கை வாங்க மேசை போட்டிருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மஞ்சள் பையில் ஏறக்குறைய இரண்டு கிலோ அரிசி கொண்டுவந்தார். "அரிசி இனி வாங்குறதில்ல பாட்டி, வைக்க இடமில்ல. ரூபாயாக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மேசையில் ஜிபே அட்டை ஒட்டியிருந்தது. பாட்டியிடம் பட்டன் போன்கூடக் கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் திரும்பி நடந்தார்.

எங்கள் அப்பா பனையேறி. வீட்டில் ஏழு பேர். உலையில் அரிசி போடும் முன் அம்மா ஒரு பிடி எடுத்து அடுப்பு மேட்டில் இருந்த கலயத்தில் போடுவார். அதுதான் சபைக்கான கைப்பிடி அரிசி. அதற்குப் பிறகுதான் எங்களுக்கான அரிசி உலைக்குப் போகும். கருப்பட்டி விலை விழுந்து ஒருவேளை கஞ்சியோடு படுத்த மாதங்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை. அளவு மட்டும் குறையும். சனிக்கிழமை சாயங்காலம் சபை ஊழியரான உபதேசியாரின் வீட்டம்மா ஓலைப்பெட்டியோடு வருவார். எந்த வீட்டில் எவ்வளவு என்று எழுதுவது கிடையாது, எல்லாம் ஒரே பெட்டியில் கொட்டப்படும். அதிலிருந்து ஊரில் தனியாக இருந்த விதவைகளுக்கு முதலில் போகும். மீதி ஞாயிறு ஆராதனை முடிந்து ஏலம் விடப்பட்டு ஊழியத்துக்குச் சேரும்.

1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது 'இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம்' என்றுதான் உறுதி எடுத்தார்கள். அதற்கு முன்னின்ற அசரியா, நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நம் கையில் இருப்பதைக் கொடுத்தே ஊழியம் நடக்கட்டும் என்ற அந்த எண்ணம்தான் கைப்பிடி அரிசியிலும் இருக்கிறது. மிசோரம் பெண்களும் 1910 முதல் இதே கைப்பிடி அரிசியைச் சேர்த்து வருகிறார்கள். அங்கே அது இன்றும் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. நாம் ஏன் இதைப் பழங்காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டும்?

இடமில்லை என்பவர்களுக்கு 2023 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வெள்ளத்தில் எங்கள் ஊருக்கு நான்கு நாள் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. பையில் பணம் இருந்தவர்களாலும் ஒன்றும் வாங்க முடியவில்லை. எங்கள் சபைக் கோயில் அறையில் கைப்பிடி அரிசி மூன்று மூட்டை இருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அசன அண்டாவை வெளியே இறக்கினார். முதல் நாள் சோறு அந்த அரிசியில்தான் வெந்தது. விறகும் பருப்பும் பக்கத்துத் தெரு இந்து வீடுகளிலிருந்து வந்தன. யார் எந்தச் சபை, எந்தச் சாதி என்று கேட்காமல் பந்தி நடந்தது. நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

சமையலறைத் தராசில் என் கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன், 40 கிராம். ஒரு நாளைக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1.2 கிலோ. நூறு வீடு சேர்ந்தால் 120 கிலோ. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று ரொட்டியை டீயில் நனைத்துத் தின்று படுக்கும் முதியவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்து பேர். ரேஷன் அரிசி கிடைக்கிறதே என்பார்கள். வாங்கிவரக் காலும் பொங்கக் கையும் வேண்டாமா? மாதர் சங்கத்துப் பெண்கள் முறை வைத்துப் பொங்கிக் கொடுக்கலாம். முதல் வாரம் என் முறையாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்தவர்களின் படத்தைப் போட்டு இம்முறை கோயில் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பார்த்து, எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்ன இடத்தைப் பிரசங்கத்தில் வாசித்துவிட்டு, வாசலில் தொகை வாரியாகப் படம் வைப்பது எனக்குத் தாங்கவில்லை. அசனத்தில் எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே கறிக்குழம்பு. காணிக்கையும் அந்தக் காலத்து ஓலைப்பெட்டி போல ஒன்றாகவே சேரட்டும்.

பாட்டியின் பையைக் கேட்டு வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.