உங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குத் தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

நன்கொடை நோட்டீஸ் என்றதும் வங்கிக் கணக்கு எண்ணைத் தேடியிருப்பீர்கள். எங்களுக்குப் பணம் வேண்டாம். உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் கணினி தினமும் சில மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த நேரம் வேண்டும்.

பில் கட்டவும், மெயில் பார்க்கவும், பிள்ளைகளின் புராஜெக்ட் வேலைக்கும் கணினியைத் திறக்கிறோம். இந்த வேலைகளுக்கெல்லாம் அதன் திறனில் சிறு பங்குதான் செலவாகிறது. மிச்சத்தை ஆராய்ச்சிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை உலகம் முழுக்கப் பரவியது 1999 மே மாதம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் செட்டி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கி, வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்து ரேடியோ சைகை ஏதாவது வருகிறதா என்று தேடப் பொதுமக்களின் கணினிகளைக் கேட்டது. லட்சக்கணக்கானோர் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் அந்தத் திட்டம் வேலை அனுப்புவதை நிறுத்தும் வரை அப்படி ஒரு சைகை கிடைக்கவில்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து கணினி விஞ்ஞானி டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவான, வீட்டுக் கணினிகளுக்கு வேலையைப் பிரித்து அனுப்பும் பாயிங்க் என்ற திறந்த மூல மென்பொருள் இன்று பல அறிவியல் திட்டங்களைத் தாங்கி நிற்கிறது.

அதே 2020 மார்ச்சில், கொரோனா கிருமியின் புரதங்கள் எப்படி அசைகின்றன என்று கணக்கிட ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம் உதவி கேட்டது. ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். வினாடிக்கு ஒரு எக்ஸாஃப்ளாப், அதாவது ஒன்றுக்குப் பின் பதினெட்டு பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் கணக்குப் போடும் வேகத்தை உலகில் முதன்முதலாகத் தாண்டியது அந்தக் கூட்டு முயற்சிதான். அன்றைய எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை.

எங்கள் குழு தேர்ந்தெடுத்திருப்பது ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற திட்டத்தை. 2005 பிப்ரவரியில் தொடங்கிய இதுவும் பாயிங்க் வழியாகத்தான் இயங்குகிறது. ஜெர்மனியின் ஹானோவர் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் ஆலன் இதை வழிநடத்துகிறார். வேலை என்னவென்றால், நியூட்ரான் நட்சத்திரங்களைத் தேடுவது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் வெள்ளைக் குள்ளனாக, அதாவது சுருங்கி மெல்ல ஆறும் சிறு நட்சத்திரமாக, நின்றுவிட முடியாது என்று அந்தக் கணக்கு சொன்னது. அந்த எல்லையைத் தாண்டியவற்றில் சில, சூரியனைவிட அதிக எடையை சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடக்கிக்கொண்டு நியூட்ரான் நட்சத்திரங்களாகச் சுழல்கின்றன.

இதற்கு ஏன் இவ்வளவு கணினிகள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுழலும் நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மேடு இருந்தாலும், அது ஓயாமல் ஈர்ப்பலையை, அதாவது வெளியையே லேசாக அசைத்துக்கொண்டு பரவும் அலையை, அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது கோட்பாடு. ஆனால் அந்த அலை மிக மிக மெல்லியது. பூமி தன்னையும் சுற்றி, சூரியனையும் சுற்றி வருவதால், நமக்கு வந்து சேரும் அலையின் அதிர்வெண் நாள் முழுக்க, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் ஏறி இறங்கும். எப்படி ஏறி இறங்கும் என்பது நட்சத்திரம் வானில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இடமும் தெரியாது, வினாடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதும் தெரியாது, அந்த வேகம் எந்த அளவில் குறைகிறது என்பதும் தெரியாது. ஆகவே வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வேகத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிறு பங்குதான் உங்கள் கணினிக்கு வரும். முடித்ததும் விடை தானாகவே திரும்பிப் போகும்.

விடையை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை. ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்கிறார்கள். 2010-இல் இந்தத் திட்டம் தன் முதல் புதிய துடிப்பு நட்சத்திரத்தை, அதாவது சுழலச் சுழல விட்டுவிட்டு ரேடியோ துடிப்பாகத் தெரியும் நியூட்ரான் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தபோது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் ஒரு தம்பதியின் வீட்டுக் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கணினியும் ஒரே விடையைச் சொன்னது இதனால்தான். வினாடிக்குச் சுமார் 41 முறை சுழலும் நட்சத்திரம் அது. கண்டுபிடிப்பு சயன்ஸ் இதழில் வெளியானது. தம்பதியின் பெயரும் மைன்ஸ்காரரின் பெயரும் அதில் இடம்பெற்றன. அவர்கள் யாரும் வானியலாளர்கள் அல்ல. அந்தத் தரவு வந்தது போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து. 305 மீட்டர் அகலமுள்ள பெரும் கிண்ணம் கொண்ட அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. இதுவரை இந்தத் திட்டத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட புதிய நியூட்ரான் நட்சத்திரங்கள் கிடைத்துள்ளன. எல்லாம் ரேடியோ அலைகளிலும் காமா கதிர்களிலும் கிடைத்தவை.

ஓயாமல் வரும் அந்த ஈர்ப்பலை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லித்தான் கேட்கிறோம். 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வுக்கூடமான லைகோ பதிவு செய்தது இரண்டு கருந்துளைகள் மோதியபோது எழுந்த நொடி நேர அலை. நாம் தேடுவது வேறு வகை. ஆனால் தேடிக் கிடைக்காத ஒவ்வொரு முறையும், அந்த மேடுகள் இத்தனை உயரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று கோட்பாட்டை இறுக்க முடிகிறது. அதுவும் அறிவியல்தான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது இயங்கத் தொடங்கும்போது, இந்த வேலை பழகிய கைகள் நம் ஊரிலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சரி, கரண்ட் பில்? இதைக் கேட்காதவர் இல்லை. சாதாரண டெஸ்க்டாப் இந்த வேலைக்காகக் கூடுதலாக 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள் அடங்கும். உங்கள் வீட்டுக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதா? அப்படியானால் அதைத் தாண்ட வேண்டாம், கட்டணப் படிநிலை மாறிவிடும். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே கணினியைப் போட்டு வைக்கச் சொல்லவில்லை. எப்படியும் ஓடும் நேரத்தைத்தான் கேட்கிறோம். உலையில் போடும் முன் பிடி அரிசி எடுத்து வைப்பது மாதிரி, வீட்டுச் செலவில் தெரியாத அளவு போதும். கேமிங்குக்காகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கும் தம்பிகள் பல மடங்கு வேலை தர முடியும், மின்சாரமும் அதற்கேற்பக் கூடும். அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். பிராசஸரில் பாதியை மட்டும் பயன்படுத்து, பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற அமைப்புகள் பாயிங்கிலேயே இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மூடிய அறையில் ஓட்டவே வேண்டாம். மின்வெட்டு பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நடுநடுவே சேமித்துக்கொள்வதால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்தின் அருகிலிருந்து தொடரும். மென்பொருளைப் பெர்க்லியின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைலைத் திறக்காதீர்கள். அலுவலக, கல்லூரிக் கணினிகளில் பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் நிறுவக் கூடாது. இதில் எங்கள் குழு கண்டிப்பாக இருக்கிறது.

குழு உறுப்பினர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பிரிண்ட் கேட்டு ஆள் வராத நேரத்தில் அவர் கடைக் கணினியின் திரையில் நட்சத்திரங்கள் பதித்த ஒரு கோளம் மெல்லச் சுழலும்; எந்தத் திசையைத் தேடுகிறது என்று காட்டும் குறி அதன் மேல் நகரும். ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் "என்னண்ணே இது, கேமா?" என்று கேட்பார்கள். பென் டிரைவை வாங்கிச் செருகியபடியே அவர் விளக்கிவிடுவார். அவர் மவுஸைத் தொட்டதும் கோளம் மறைந்து வேலை நின்றுவிடும். பிரிண்ட் கொடுத்து முடித்துச் சில நிமிடம் கழித்துத் தானே தொடங்கும். உங்கள் வேலைக்கு இடைஞ்சல் இருக்காது என்று நாங்கள் சொல்வது இதை தினமும் பார்ப்பதால்தான்.

மருத்துவ ஆய்வுக்குத்தான் தருவேன் என்பவர்கள் ஃபோல்டிங் அட் ஹோமில் சேருங்கள். அதை நிறுவவும் உதவுகிறோம். கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் சேரலாம்; சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில் மட்டும் வேலை செய்யும்படி வைத்துவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை நூலக வாசிப்பறையில் இருப்போம். லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். நிறுவி, அளவு வைத்து, எப்படி நிறுத்துவது என்பதையும் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறோம். டெஸ்க்டாப் என்றால் முகவரி கொடுங்கள், வீட்டுக்கே வருகிறோம். இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எங்களுடன் சேர்ந்தால் இன்னும் பல வீடுகளுக்குப் போக முடியும், அதையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினி நேர நன்கொடைக் குழுவினர்