டேப்ளாய்டு நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் பரபரப்புச் செய்திகளுக்குப் பேர்போன டேப்ளாய்டு நாளிதழ்களை நடத்தும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் செய்தியாளர்களைப் பற்றி ஊரார் பேசுவது உங்கள் காதுக்கு எட்டாததல்ல. இழவு வீட்டுக் கதவைத் தட்டி இறந்தவரின் படத்தைக் கேட்கும் ஈவிரக்கமற்றவர்கள் என்பது அவற்றுள் ஒன்று. போட்டி நாளிதழுக்குக் கிடைத்துவிட்டது, படம் இல்லாமல் திரும்பி வராதே என்று தொலைபேசியில் கட்டளையிடுபவரோ அலுவலகத்தில் இருக்கிறார். வசவு மட்டும் வாசலில் நிற்பவருக்கு.

1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலால் 97 பேர் மாண்டனர். அதற்கு ரசிகர்களையே பழித்த பொய்க் குற்றச்சாட்டுகளை ‘தி சன்’ முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று கொட்டை எழுத்தில் வெளியிட்டது. அத்தலைப்பைக் கண்டு தாமே திகைத்துப் போனதாகவும், தாம் எழுதியது அதுவல்ல என்றும் செய்தியை எழுதியவர் பின்னாளில் கூறினார். தலைப்பை முடிவுசெய்தவர் ஆசிரியர்.

கைபேசிக் குரல்பதிவுகளை ஒட்டுக்கேட்டதற்காக ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ இதழின் அரச குடும்பச் செய்தியாளர் 2007இல் சிறை சென்றபோது, தவறு செய்தவர் ஒரே ஒருவர்தான் என்று நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் சாதித்தது. 2011இல், கொலையுண்ட ஒரு சிறுமியின் கைபேசியும் ஒட்டுக்கேட்கப்பட்டது வெளிவந்த சில நாள்களிலேயே, 168 ஆண்டுப் பழமையான அந்த இதழ் மூடப்பட்டது. அதன் முன்னாள் ஆசிரியர் 2014இல்தான் சிறை சென்றார். இடையில் வேலை இழந்தவர்களுள் ஒட்டுக்கேட்பில் எப்பங்கும் இல்லாதவர்கள் ஏராளம். லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் வீரர்கள் பணத்துக்காக நோ-பால் வீசியதை 2010இல் அம்பலப்படுத்தியதும் இதே இதழ்தான். (அதைச் செய்த செய்தியாளரே 2016இல் வேறொரு வழக்கில் சாட்சியத்தைத் திரிக்க முயன்றதற்காகச் சிறைக்குப் போனார் என்பதை நான் மறைக்கவில்லை, செய்தியாளர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்பது என் வாதமன்று.)

நெறிக்குப் புறம்பான வேலையைச் செய்ய மறுக்கும் செய்தியாளர்மீது நடவடிக்கை எடுக்கலாகாது என்னும் பிரிவைப் பணி ஒப்பந்தங்களில் சேர்ப்பது பற்றிப் பத்திரிகைத் துறை சிந்திக்க வேண்டும் என, ஒட்டுக்கேட்பு விவகாரத்தை அடுத்துப் பத்திரிகைகளின் நடத்தையை விசாரித்த நீதிபதி லெவிசன் 2012ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தார். பழிவாங்கலுக்கு அஞ்சிய செய்தியாளர்கள் பெயர் சொல்லாமலே அவர் விசாரணையில் சாட்சியம் அளித்திருந்தனர். அந்தப் பிரிவு உங்கள் நிறுவன ஒப்பந்தத்தில் உள்ளதா? உண்டெனில் அதன் வாசகத்தை உங்கள் நாளிதழிலேயே வெளியிடுங்கள். இல்லையெனில், அடுத்து வேலைக்குச் சேரும் செய்தியாளரின் ஒப்பந்தத்திலிருந்தே அதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்