அந்த 'ஊழியர் ஒருவருக்கு'ப் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் கணினி வளைகோடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பியர் பெசியேவுக்கு இரண்டு பக்கம், புகைப்படம், பிறந்த வருடம் எல்லாம் கொடுத்திருந்தீர்கள். இன்னொருவருக்குக் கிடைத்தது ஒரே வரி: "சிட்ரோயன் ஊழியர் ஒருவரும் இதுபோன்ற முறையை முயன்று பார்த்தார்." முயன்று பார்த்தாராம்!

அவர் பால் த காஸ்டல்ஜோ. தங்களுக்குத் தெரியாததல்ல. 1958இல் சிட்ரோயன் என்ற பிரெஞ்சு கார் கம்பெனியில் சேர்ந்தவர், அடுத்த வருடமே வளைவுகளைக் கணக்கால் வரையும் அந்த முறையை எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அதை ரகசியம் என்று பூட்டி வைத்தது. இன்னொரு கார் கம்பெனியான ரெனோவில் இருந்த பெசியே பிறகு தன் வழியில் அதே வளைகோட்டுக்கு வந்தார். அவர் எழுதியது வெளியே வந்தது. பெசியே மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

எழுத்துரு வரைவது என் பிழைப்பு. ஒரு வளைவின் நடுவில் புதுப் புள்ளி வைத்தால் வடிவம் மயிரிழைகூட நகராமல் இரண்டாகப் பிரிகிறதே, அது காஸ்டல்ஜோவின் முறை. வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இணைக்கும் கோடுகளை ஒரே விகிதத்தில் வெட்டி, வெட்டிய இடங்களை இணைத்து, மறுபடி வெட்டி, ஒரு புள்ளி மிஞ்சும்வரை போவது. அதை நாள் முழுக்கச் செய்யும் மென்பொருளின் மெனுவில் பெசியே பெயர் மட்டும்தான். கல்லூரியில் என் விடைத்தாளில் காஸ்டல்ஜோ என்று எழுதியதற்கு, 'பாடத்திட்டத்தில் இல்லை' என்று சிவப்பு மையில் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

காஸ்டல்ஜோ அதோடு நின்றாரா? ஒவ்வொரு சுற்றிலும் வேறு விகிதத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று புள்ளிகளின் உயரம் 0, 4, 2. முதலில் பாதியில் வெட்டினால் 2, 3. பிறகு கால் பங்கில் வெட்டினால் 2.25. மாற்றி, முதலில் கால் பங்கில் வெட்டினால் 1, 3.5, பிறகு பாதியில் வெட்டினால் அதே 2.25. வரிசை எப்படிப் போனாலும் விடை மாறாது. துருவங்கள் என்று அவர் சொன்ன இந்தக் கணக்கை வைத்து 1985இல் புத்தகமே போட்டார். கணினி ஆய்வாளர் லைல் ராம்ஷா தனியாக அதையே கண்டு 1987இல் அறிக்கை வெளியிட்டார். பலருக்கு அந்த விஷயம் தெரிந்தது அதன் மூலம்தான். ஒரே மனிதருக்கு இரண்டாவது தடவை! நான்மிகள் (குவாட்டர்னியன் எனும் நான்கு பகுதி எண்கள்) பற்றியும் அதே 1987இல் தனிப் புத்தகம் எழுதினார், அதைச் சீண்டக்கூட ஆளில்லை. கடைசியில் 2012இல் ஒரு விருது கொடுத்தார்கள். விருதின் பெயர்? பெசியே விருது. சிரிப்பதா, அழுவதா?

தங்கள் இதழுக்கு நான் எழுதுவது இது முதல் தடவையும் அல்ல. பெசியே வளைகோட்டால் வட்டத்தை அச்சு அசலாக வரையலாம் என்று முன்பு ஒரு துணுக்கு வந்தது. அந்த வளைகோடு வெறும் பல்லுறுப்புக்கோவை, அதனால் வட்டம் வராது, நெருங்கத்தான் முடியும் என்று விளக்கி எழுதினேன். அச்சில் வந்தது, அட்டைப்படத்தைப் பாராட்டிய வரி மட்டும். ராசிபலன் அப்போது இரண்டு பக்கம், இப்போது நான்கு. தங்கள் பக்கம், தங்கள் இஷ்டம்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்: 1959, சிட்ரோயன், பால் த காஸ்டல்ஜோ. புகைப்படம்கூட வேண்டாம். அட்டைப்படம் பற்றி இம்முறை நான் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
எழுத்துரு வரையும் பழைய வாசகர்