ரயிலில் ஏறாத கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1982இல் எழுதிய ரத்தக்காட்டேரி நாவலான ‘ஃபீவர் ட்ரீம்’ நூலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையை மூன்று முறை படித்தேன். “நதியும் நீராவிப் படகும் வெறும் பின்னணியே, இதையே ஒரு ரயிலில் வைத்தும் எழுதியிருக்கலாம்” என்ற வரியை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எந்த ரயில் என்று மதிப்புரையாளர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாவல் 1857 ஏப்ரலில், அமெரிக்காவின் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள செயிண்ட் லூயிஸில் தொடங்குகிறது. மிசிசிப்பியின் மேல் முதல் ரயில் பாலம் ராக் ஐலண்டில் திறக்கப்பட்டதே 1856 ஏப்ரலில்தான். திறந்த இரண்டே வாரத்தில் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு அதில் மோதி எரிந்ததும், படகுக்காரர்கள் தொடுத்த வழக்கில் பாலத்தின் தரப்பில் 1857இல் ஆபிரகாம் லிங்கன் வாதாடியதும் தாங்கள் அறியாததல்ல. படகும் ரயிலும் நீதிமன்றத்தில் மல்லுக்கு நின்ற அதே ஆண்டின் கதையை, மதிப்புரையாளர் ஒரே வரியில் எதிர்க்கட்சிக்குத் தாரைவார்த்துவிட்டார்!

பனிக்கட்டி நசுக்கியதில் படகுகளை இழந்து நொடித்துப்போன படகுக் கேப்டன் ஆப்னர் மார்ஷுக்கு, ஜோஷுவா யார்க் பணம் கொடுத்து ஒரு படகைக் கட்டச் செய்கிறார். பகலில் வெளியே வராத அந்தக் கனவான் விதிக்கும் நிபந்தனை, தம் போக்கைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது. அவர் சொன்ன துறையில் படகு நிற்கும். அவர் திரும்பும்வரை காத்திருக்கும். கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட ரயிலை அப்படி நிறுத்தி வைக்க எந்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதிப்பார்?

நான் 29 ஆண்டுகள் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் ஓட்டியவன். அரவைக் காலத்தில் ஒருநாள் இரவு, பாய்லரின் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. சோதனைக் குழாயைத் திறந்து பார்த்தேன், நீராவிதான் சீறியது. தண்ணீர் குறைந்த பாய்லர் வெடித்துவிடக்கூடும். அரவை நிற்கக் கூடாது என்றார் மேலதிகாரி. நான் நெருப்பைத் தணித்தேன். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. ‘எக்லிப்ஸ்’ என்ற படகை முந்தியே தீர வேண்டும் என்று மார்ஷ் ஏங்கும் பக்கங்களைப் படித்தபோது, அந்த இரவின் வியர்வை எனக்குத் திரும்பவும் வந்தது. 1865 ஏப்ரல் 27 அன்று மெம்ஃபிஸ் அருகே சுல்தானா என்ற படகின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு ரத்தம் குடிப்பவர் எவரும் தேவைப்படவில்லை. பாய்லரைப் பின்னணி என்பவர் அதன் முன்னால் ஒரு ஷிப்ட் நின்று பார்க்கட்டும்.

மதிப்புரையாளர் “கல்லறையிலிருந்து எழுந்த பிணங்கள்” என்றும் எழுதியிருக்கிறார். இந்த நாவலின் ரத்தக்காட்டேரிகள் செத்து எழுந்தவர்கள் அல்லர்; தாய் வயிற்றில் பிறந்த தனி இனத்தார். தம் இனத்தின் ரத்த தாகத்தைத் தணிக்க ஒரு பானத்தைக் கண்டுபிடித்திருப்பதுதான் யார்க்கின் பெருமை. புத்தகத்தைப் பாதி படித்தவருக்கே இது தெரிந்திருக்கும். அதே ஆசிரியரின் டிராகன் கதைகளுக்கு இரண்டு பத்திகளைச் செலவிட்டவர், இன்னொரு ரத்தக்காட்டேரியான தன் எஜமானின் பசிக்காக நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் அடிமைகளை விலைக்கு வாங்கிவரும் சவர் பில்லியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. நிறத்தைப் பார்த்து மனிதரை விற்ற அந்த நதிக்கரையை விட்டுவிட்டால், இந்தக் கதையில் யார் யாருடைய ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்பதே விளங்காது.

தங்கள் இதழுக்கு எந்திரங்கள் மீது என்றுமே மரியாதை இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நிலக்கரி ரயில்களைப் பற்றிய கட்டுரைக்கு டீசல் எஞ்சின் படத்தைப் போட்டீர்கள். நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி, என் பெயரும் பிழையாக அச்சானது. அதற்காக நான் சந்தாவை நிறுத்திவிடவில்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். மதிப்புரையுடன் வந்த படத்தில் துடுப்புச் சக்கரம் படகின் பின்புறம் இருக்கிறது. நாவலில் வரும் படகுக்குச் சக்கரங்கள் இரு பக்கமும் உண்டு. அடுத்த இதழில் ஓர் ஓரமாகவேனும் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரர், ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டர்