மலைவழியில் ஓர் இரவுத் தங்கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து இளைஞர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் பைக்கில் கிளம்பி, ஆந்திர எல்லையை ஒட்டிய நாகலாபுரம் மலையில் ஏறி, அன்றிரவே வீடு திரும்பிவிட வேண்டும் என்று ஓடுவது வழக்கமாகிவிட்டது. நானும் அப்படிப் போனவன்தான். ஐந்து பேராகச் சென்ற நாங்கள், கைப்பேசி வரைபடம் காட்டிய 14 கி.மீ. தூரத்துக்குக் காசிமேட்டுக் கடலோரச் சாலையில் நடக்கும் வேகத்தையே கணக்கிட்டிருந்தோம். இருட்டியபோது ஓடைப் பாறைகளுக்கு நடுவில் நின்றோம். இரண்டு கைப்பேசிகளில்தான் சார்ஜ் மிஞ்சியிருந்தது. ஒருவர் வெளிச்சம் காட்ட, மற்றவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்தே பாறைகளில் இறங்கினோம்.

சமவெளியில் மணிக்கு 5 கி.மீ., அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம் என்பது 1892-இல் ஸ்காட்லாந்தின் மலையேறி நைஸ்மித் வகுத்த கணக்கு. அதுவும் நல்ல பாதைக்குத்தான். பாறையும் புதரும் குறுக்கிட்டால் நேரம் இன்னும் கூடும். ஆகவே, நீண்ட மலைநடையைத் திட்டமிடும்போது சிகரத்தைக் குறிப்பதற்கு முன், இரவு எங்கே தங்குவது என்பதைக் குறிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

ஆல்ப்ஸ் மலையில் இதுதான் நடைமுறை. மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் செல்லும் சுமார் 170 கி.மீ. பாதையில் பலர் கூடாரம் சுமக்காமலே நடக்கிறார்கள். ஒரு நாள் நடையில் எட்டும்படி மலைக்குடில்களும் விடுதிகளும் இருப்பதே காரணம். அந்தச் சிகரத்துக்கே ஏறுவோர், 3,835 மீட்டர் உயரத்திலுள்ள கூத்தே குடிலில் முன்பதிவு இல்லாமல் தங்க முடியாது. இத்தகைய குடில்களில் படுக்கையையும் சூடான உணவையும் விட நான் பெரிதாக மதிப்பது பதிவேட்டைத்தான். மறுநாள் எங்கே போகிறோம் என்று அதில் எழுதிவைத்துவிட்டுப் போனால், காணாமல் போனவரை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது மீட்புக் குழுவுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை அந்நிய ஏற்பாடு என்று ஒதுக்க வேண்டியதில்லை. எருமேலியிலிருந்து பெரிய பாதையில் சபரிமலைக்கு நடந்த எங்கள் பகுதிக் குருசாமிகளைக் கேட்டால், எந்தத் தாவளத்தில் (வழியில் தங்கும் இடத்தில்) இரவைக் கழித்துவிட்டுக் கரிமலை ஏற வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்குக் கேரளத்தின் போனக்காடு வழியாகச் செல்வோர், முதல் நாள் அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் பெருஞ்சுமையை அங்கேயே வைத்துவிட்டு உச்சிக்குப் போய்த் திரும்பி, மூன்றாம் நாள் இறங்குகிறார்கள். ஒரே மூச்சில் முடிக்க முடியாத மலையை அந்த ஒரு முகாம் சாதாரண மனிதனுக்கும் எட்டவைக்கிறது.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தீயைக் குடில் தடுத்துவிடாது. கோடையில் பாதைகளை மூடுவதுதான் சரி. ஆனால் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு, அவற்றுள் நீளமான ஒன்றிலாவது, யானைத் தடத்திலிருந்து விலகிய இடத்தில், தகரக் கூரையும் உயர்ந்த திண்ணையும் தண்ணீரும் கழிப்பறையும் ஒரு பதிவேடும் கொண்ட எளிய குடிலை அமைத்துப் பார்க்கலாம். கான்கிரீட் விடுதி வேண்டாம்; அது வந்தால் பின்னாலேயே ஒலிபெருக்கியும் வந்துவிடும். ஓர் இரவுக்கு இருபது பேர் என்று வரம்பு வைத்து, கொண்டுபோன குப்பையை எடைபோட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். அதற்குக் கட்டணம் கேட்டாலும் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மலை நடையில் ஆர்வமுள்ள ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.