ஆண்டறிக்கை 2024-25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஜூன் முதல் இந்த மே வரை சேலம் அம்மாப்பேட்டையில் நம் வாசகர் மன்றம் செய்த பணிகளின் அறிக்கை இது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்பதால் கூட்டம் இல்லை. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. மழையில் ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் (கோரம்) சேராமல் அரைமணி ஒத்திவைத்து, அப்புறம் நடத்தினோம்.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். சட்டப் பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனனின் வாழ்க்கையையும் பணியையும் பற்றி மாதம் ஒரு ஞாயிறாகப் பத்துக் கூட்டங்கள் நடத்தினோம். அவர் பிறந்து 90 ஆண்டு நிறைந்த 2025 மே 4 அன்று நிறைவுக் கூட்டம். இந்தத் திட்டத்தை நான் முன்வைத்தபோது, திருவனந்தபுரத்துக்காரருக்கும் நம் மன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று செயற்குழுவில் கேட்டார்கள். கேள்வி தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. என் பதிலும் பதிவாக வேண்டும்.

சேலம் விஜயராகவாச்சாரியாரை நாம் எல்லோரும் அறிவோம். நம் ஊர் நகராட்சிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சட்ட வகுப்பு எதற்கும் போகாமல் தேர்வெழுதி 1881-இல் வக்கீலானவர். மறு வருடமே சேலம் கலவர வழக்கில் சிக்கவைக்கப்பட்டு, பத்தாண்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானார். 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் ஆசிரியராக இருந்து வக்கீலானவர் என்றால், மேனன் வக்கீலாக இருந்து ஆசிரியரானவர். ஆச்சாரியாரைப்போல் தானே படித்துத் தேற எல்லோராலும் ஆகாது. மற்றவர்களுக்குச் சட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் மேனன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். பட்டம் வாங்கி வந்த ஜூனியர்கள், வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் நோட்ஸ் எழுதியிருந்தார்கள், ஆனால் வழக்கோடு வரும் ஒரு கட்சிக்காரரின் முகத்தைக்கூட யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க மேனன் என்னென்ன செய்தார் என்று படித்தபோது, நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

1935-இல் பிறந்த அவர், சில காலம் வழக்குரைஞராக இருந்தார், டெல்லியில் அரசு வேலையும் பார்த்தார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம். இடையில் புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியிலும் முதல்வராக இருந்திருக்கிறார். டெல்லியில் மாணவர்களை ஏழைகளுக்கான சட்ட உதவி வேலையில் இறக்கினார். மருத்துவ மாணவன் நோயாளியின் கட்டில் அருகே நின்று கற்பதுபோல, சட்ட மாணவன் கட்சிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த முறைக்கு ஒரு கையேடே கொண்டுவந்தார்.

1986-இல் இந்திய வழக்குரைஞர் கழகம் (பார் கவுன்சில்) அவரைப் பெங்களூருக்கு அழைத்தது. அங்கே உருவான தேசியச் சட்டப் பள்ளிக்கு முதல் துணைவேந்தராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். பள்ளிப்படிப்பு முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, அதற்கு நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு, ஆண்டுக்கு மூன்று பருவம், ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவரே எழுதும் ஆய்வுக் கட்டுரை என்று எல்லாமே புதிது. தீர்ப்பை முன்கூட்டியே படித்துவந்து வகுப்பில் வாதாட வேண்டும். பிறகு கொல்கத்தாவிலும் அப்படி ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்தார். போபாலில் தேசிய நீதித்துறை அகாதமிக்கு இயக்குநராகி நீதிபதிகளுக்கும் பாடம் ஏற்பாடு செய்தார். இன்று நம் பிள்ளைகள் திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர முடிகிறது என்றால், அதற்கான பாதை பெங்களூரில் போட்டது. 2019 மே 8-இல் காலமானார். பத்மபூஷண் அடுத்த ஆண்டுதான் வந்தது.

தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். அதை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துத் தமிழில் சொன்னது அடியேன்.

முதல் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். நான்காவதற்குப் பதினொன்று. ஏழாவதில் தலைவர், பொருளாளர், நான், வாசகசாலையில் பேப்பர் படிக்க வந்த ஒருவர். அரசு விளம்பரங்களில் யார் படம் போடலாம் என்பதைப் பற்றிய கூட்டத்துக்கு மட்டும் மறுபடி ஆள் சேர்ந்தது. அது பற்றி நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு மேனன்தான் தலைவர். குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படம் மட்டும் போதும் என்று 2015-இல் வந்த தீர்ப்பு, முதலமைச்சர்களும் அமைச்சர்களும் இடம்பெறலாம் என்று 2016-இல் தளர்ந்தது. அன்று இரவு ஒன்பது வரை விவாதித்தோம். அத்தனை பேர் பேச ஆசைப்படுகிறவர்கள் மற்ற மாதங்களில் எங்கே போனார்கள் என்பதே என் ஆதங்கம்.

டிசம்பரில் பெங்களூர் நாகர்பாவிக்குப் போய் அந்தச் சட்டப் பள்ளியைப் பார்த்துவரப் பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். அதை நம்பி வேனுக்கு முன்பணம் கட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். பனியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒருவருக்கு உறவில் விசேஷம், ஒருவருக்குக் காய்ச்சல், சரி. மற்றவர்கள் போனைக்கூட எடுக்கவில்லை. வேன் வாடகையில் குறைந்ததை யார் கட்டினார்கள் என்பது பொருளாளருக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 பற்றிய கூட்டத்தில், அதன் 12-ஆம் பிரிவை விளக்கினேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் உண்டு. கடைசி வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். கூட்டம் முடிந்ததும், "ஏனுங்க ஐயா, எனக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டார். ஜீவனாம்ச வழக்கு. கையில் காசில்லாமல் இரண்டு வருடமாக அப்படியே விட்டிருக்கிறார். மறுநாள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனு எழுதிக் கொடுத்தோம். வக்கீல் நியமனமாகி வழக்கு நடக்கிறது. பத்துக் கூட்டத்துக்கும் செலவழித்தது இந்த ஒன்றுக்கே ஈடாகிவிட்டது என்று நான் மனதார நம்புகிறேன்.

கூட்டக் குறிப்புகளைத் தொகுத்துச் சிறு புத்தகமாக அச்சிட்டோம். அச்சகத்தில் தாமதமாகி, நிறைவுக் கூட்டம் முடிந்த பிறகே கைக்கு வந்தது. பெரும்பாலான பிரதிகள் பீரோவில் இருக்கின்றன. உறுப்பினர்கள் ஆளுக்கு ஒன்றாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வாடகையும் மின்கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டப்பட்டுவிட்டன. செலவு வரவைவிடச் சற்று அதிகம். நன்கொடையாலும் கைமாற்றாலும் சமாளித்தோம். பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் சந்தா கட்டவில்லை, சிலர் மூன்று வருடமாகவே கட்டவில்லை. பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை. வருடச் சந்தா முந்நூறு ரூபாய்தான்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், நாற்காலிகளைக் கூலி வாங்காமல் எடுத்துப்போட்ட பக்கத்துத் தெரு இளைஞர்கள், கோலப்போட்டிக்குப் பரிசு தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாதத்தின் முதல் ஞாயிறு காலை, நம் வாசகசாலைத் திண்ணையில் ஒரு மேசை போட்டு, சட்ட உதவி வேண்டி வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, ஆணைக்குழுவுக்கு வழிகாட்ட எண்ணியிருக்கிறேன். ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் உதவி கேட்கலாம். என்னோடு உட்கார இரண்டு பேர் வேண்டும். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது, வலது கண்ணில் புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத முடிகிறது. செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்க முன்வந்தால் சாவியையும் தீர்மானப் புத்தகத்தையும் இன்றைக்கே ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன், மேசையை மட்டும் நிறுத்த மாட்டேன். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.